எண்பத்தொரு கிலோமீட்டர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அவரும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் உன் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. எட்டாம் வகுப்பில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் நீ. என்ன ஆயிற்று?

பஸ்ஸில் இரண்டு நாள் போகிற தூரத்தில் அந்த சைக்கிள் கம்பெனியில் நீ சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. புது மாடலின் படம் வெளியே போய்விடும் என்று வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றாய். ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் நீ "ம்", "சரிக்கா" தவிர வேறு பேசியதில்லை. கடிதத்திலாவது முழு வாக்கியம் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் நான் அன்றைக்குக் கண்டிப்பாக இல்லாமல் போயிருந்தால் இன்று இந்த வேலை உண்டா? "இன்னொரு தடவை குடிச்சிட்டு வந்தா இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னேன், நீயும் நிறுத்தினாய். சில பேருக்கு அப்படிச் சொன்னால்தான் உறைக்கும்.

இப்போது விஷயம். உன் அத்தானுக்கு நாற்பத்தாறு வயதில் சைக்கிள் பைத்தியம் பிடித்திருக்கிறது. வாரம் முழுக்க ஊராருக்குப் பல் செட் செய்கிற மனுஷன், நாற்காலியை விட்டு எழுந்திருக்க இரண்டு முறை யோசிப்பவர், டிசம்பரிலிருந்து ஞாயிறு விடிந்ததும் உன் பழைய ரோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மத்தியானம்தான் வருகிறார். இப்போது அது போதாதாம், கிராவல் பைக் என்று இன்னொன்று வேண்டுமாம். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு சைக்கிள்? நீ இதே தொழிலில் இருப்பவன். நியாயமான ஆசையா, இல்லை எவனாவது தலையில் கட்டப் பார்க்கிறானா என்று எழுது.

கடிதத்தை வழக்கம்போல் அவரிடமே தபாலில் போடக் கொடுக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

&nbsp;

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நல்லபடியாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பாடு. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே. நாள் முழுக்க ஸ்பானர் பிடித்த கை, ராத்திரி பேனா பிடித்தால் நடுங்கத்தான் செய்யும்.

அத்தான் கேட்பதில் தப்பே இல்லை. ரோடு பைக் என்பது தார் ரோட்டுக்காகவே பிறந்தது. டயர் இருபத்தைந்து மில்லிமீட்டர், என் பெருவிரல் அகலம். கல் மாதிரி காற்றடித்து, குனிந்து உட்கார்ந்து மிதித்தால் பறக்கும். ஆனால் ஒரு கூழாங்கல் போதும், தலைகுப்புற விழ. கிராவல் பைக்கும் பார்வைக்கு அதே ஜாடைதான், அதே வளைந்த ஹேண்டில்பார். ஆனால் பிரேம் கொஞ்சம் நீளம், அதனால் மண்ணில் அலையாது. டயர் நாற்பது மில்லிமீட்டர் வரை போடலாம். டிஸ்க் பிரேக் என்பதால் ஈரத்திலும் பிடிக்கும். சின்ன கியர் இருப்பதால் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறலாம்.

பழைய வண்டியே வாங்கச் சொல். பிரேம் அலுமினியம் போதும், கார்பன் வேண்டாம். அத்தான் உயரத்துக்கு ஐம்பத்தாறு சைஸ். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பெரிதாக. பிரேக் எண்ணெயில் இயங்குவது கிடைத்தால் விடவேண்டாம். பின்னால் கேரியர் மாட்ட துளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அது முக்கியம்.

நீ வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

&nbsp;

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆசை. ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் அடங்கிவிட்டது, மனசுதான் அடங்கவில்லை.

கிராவல் பைக் வந்துவிட்டது. நீ எழுதியபடியே அலுமினியம், ஐம்பத்தாறு. அதோடு என்னென்ன வந்தது தெரியுமா? நாற்பது மில்லிமீட்டர் டயர், மட்கார்டு, பின்கேரியர், அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் புகாத பை, பாட்டில் வைக்க மூன்று இடம், ஒரு குட்டி பம்பு. என் தொழில் என்ன என்று உனக்குத் தெரியும். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருபது வருடமாக நஷ்ட ஈடு கேட்டு வருகிற விண்ணப்பத்தில் எது பொய் என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். காற்று வாங்கப் போகிற மனுஷனுக்கு இரண்டு பக்கமும் பை எதற்கு?

உன் பழைய சைக்கிளில் இருந்த தூரம் காட்டும் மீட்டரைக் கழற்றி இதன் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறார். ஐந்து ஞாயிறு பார்த்துவிட்டேன். ஐந்து தடவையும் எண்பத்தொரு கிலோமீட்டர். உல்லாசமாகச் சுற்றுகிறவன் ஒரு நாள் எழுபது போவான், ஒரு நாள் தொண்ணூறு போவான். நிஜத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், தம்பி. ஜோடித்த கணக்குதான் அச்சடித்த மாதிரி வரும்.

ஹைவேயில் போகிறேன் என்கிறார். ஆனால் டயர் இடுக்கில் வெள்ளைத் தூசி. அவர் லேபில் பல் அச்சு எடுக்கிற மாவோ என்று விரலில் தேய்த்துப் பார்த்தேன். மாவு வழவழப்பாக இருக்கும், இது நறநறக்கிறது. சனிக்கிழமை பையைத் திறந்தேன். புது ஷேவிங் ரேஸர், இரண்டு ஜோடி காலுறை, குறுக்கெழுத்துப் புத்தகம் ஒன்று. காலுறை ஏழாம் சைஸ். உன் அத்தான் கால் பத்து. கேட்டதற்கு, லேபில் வேலை பார்ப்பவருக்கு வாங்கியதாம். ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டியிருக்கும்.

கீழ்வீட்டுத் தையல்காரி, ஏழாம் சைஸ் என்றால் வளர்ந்த பிள்ளை ஒன்று இருக்க வேண்டும் என்கிறாள். அவள் வாய்க்கு அளவெடுக்க முடியாதுதான். ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஆண்பிள்ளை. உனக்கு என்ன தோன்றுகிறது? மறைக்காமல் எழுது.

உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிரித்திருந்தால் சொல்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. சுகம். இப்போது நன்றாகத் தூங்குகிறேன். உறை பிரிக்கப்படவில்லை, உன் கையெழுத்து கோணாமல் இருந்தது.

அக்கா, கிராவல் ஓட்டுகிறவர்களுக்கு இது சகஜம். மனதுக்குப் பிடித்த ஒரு பாதை கிடைத்துவிட்டால் வாராவாரம் அதிலேயே போவார்கள். ஹைவேயிலிருந்து பிரிகிற மண் பாதை எத்தனையோ இருக்கிறது. பின்பை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்காது. காற்றை நாற்பதுக்கு மேல் அடிக்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல். அவருடைய எடைக்குப் பின்டயரில் நாற்பது, முன்னால் முப்பத்தைந்து போதும். செயினைத் துடைத்த பிறகுதான் எண்ணெய் விட வேண்டும். பலர் தூசி மேலேயே விட்டுவிடுகிறார்கள்.

காலுறையைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அத்தானை மட்டும் சந்தேகப்படாதே. என்னைக் கேட்டால், நம் வீட்டில் சந்தேகப்பட வேண்டிய ஆள் அவர் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

&nbsp;

மார்ச் 6

தம்பிக்கு,

நீ சுகமாக இரு. நான் சுகமில்லை என்று எழுதினால் பயந்துவிடாதே, காய்ச்சல் இல்லை.

நான் காலுறையைக் கேட்டேன், நீ செயினுக்கு எண்ணெய் விடச் சொல்கிறாய். ஆண்களுக்கு ஆண்கள் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியாமலா இருக்கிறேன்?

போன ஞாயிறு, இரண்டாம் தேதி, மத்தியானம் வரவேண்டியவர் மாலை ஐந்தரைக்கு வந்தார். சைக்கிளை ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கை தோலுரிந்து, கன்னத்தில் ஒரு வீக்கம், சட்டை தோளில் கிழிசல். விழுந்துவிட்டாராம். விழுந்த ஆளின் ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை, ஹேண்டில்பாரில் கீறல் இல்லை. ஆள் மட்டும் விழுந்து சைக்கிள் நின்றுகொண்டிருந்ததா?

மருந்து போடக் கிட்டத்தில் போனேன். சட்டையின் இடது தோளில் மது வாடை. வாயில் இல்லை, தோளில். அந்த வாடையை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். உன் சட்டைகளை ஒரு காலத்தில் துவைத்தவள் நான். "யாரோட இருந்தீங்க?" என்று கேட்டேன். "சைக்கிளோட" என்றார். பிறகு கல்யாணமான இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாகத் தன் சட்டையைத் தானே துவைத்துக்கொண்டார்.

குடிக்கிறவள் ஒருத்தி அவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். அப்படித்தான் படுகிறது. உனக்கு வேறு மாதிரி படுகிறதா? படித்த அன்றே பதில் போடு.

அக்கா

&nbsp;

மார்ச் 27

தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் அதற்காவது பதில் வருமா? மூன்று வாரம் ஆகிவிட்டது. காய்ச்சலா, வேலையா, இல்லை எழுத ஒன்றும் இல்லையா?

பதில் வராத நாட்களில் உன் பழைய கடிதங்களை எடுத்துப் பரப்பிவைத்துப் பார்த்தேன். வீட்டுத் தபால்பெட்டியில் மழை புகுகிறது என்று உன் அத்தானின் லேப் முகவரிக்கு எழுதுகிறாய், அவர் கொண்டுவந்து தருகிறார். எல்லாமே திங்கட்கிழமை வந்திருக்கின்றன. ஒன்றின் தபால்தலையிலும் முத்திரை விழவில்லை. ஒரு உறையில் முத்திரை குத்த மறக்கலாம். எல்லா உறையிலுமா மறப்பார்கள்? அது என்ன தபாலாபீஸ் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அதை ஓர் ஓரமாக வைத்திருக்கிறேன்.

நானே போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டேன். ஸ்கூட்டரில் பின்னால் போனால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கும் ஒரு கிராவல் பைக் வேண்டும். பள்ளிக்கூடத்தோடு விட்டது, ஆனால் மறக்கவில்லை. ஆபீஸ் பின்னாலிருக்கும் மைதானத்தில் வாடகைக்கு எடுத்து பத்து நாளாகச் சுற்றுகிறேன். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். சுவரோடு நின்று கால் உள்ளளவு எடுத்தேன், எழுபத்தொரு சென்டிமீட்டர். எது வாங்க வேண்டும் என்று எழுது. எழுதாவிட்டால் கடைக்காரர் காட்டுவதை வாங்கிக்கொண்டு கிளம்புவேன். விழுந்தால் பாவம் உன்னைத்தான் சேரும்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இது வேண்டாம், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ கேட்க மாட்டாய் என்றும் தெரியும். அதனால் ஒழுங்காகக் கேட்டுக்கொள். நாற்பத்தெட்டு சைஸ் பிரேமுக்கு மேல் வாங்காதே. ஹேண்டில்பார் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் அகலம் போதும், அதற்கு மேல் போனால் தோள் வலிக்கும். பிரேக் பிடியை உன் விரலுக்கு எட்டும்படி உள்ளே திருகித் தரச் சொல். எழுபத்தொன்றை எண்பத்தெட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் அறுபத்திரண்டரை. பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அந்த உயரம் இருக்க வேண்டும். தாழ்வாக வைத்தால் முழங்கால் போய்விடும். பெடலில் காலைப் பூட்டுகிற ஷூவெல்லாம் வேண்டாம், சாதாரண அகலப் பெடல் போடு. உன் எடைக்குக் காற்று முப்பது போதும்.

முழு தூரமும் மிதிக்காதே. மண் பாதை பிரிகிற இடம் வரை வண்டியைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போ. கல் குவாரி வரை பயமில்லை. குவாரி தாண்டியதும் ஒரு சின்னப் பாலம் வரும், கைப்பிடிச் சுவர் கிடையாது. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போ. கடைசி மேட்டில் இடது பக்கம் முழுக்க உருளைக் கற்கள், வலது ஓரமாகவே ஏறு. மழை பெய்த மறுநாள் மட்டும் போகவே போகாதே.

உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் இருந்து என்ன?

தம்பி

&nbsp;

ஏப்ரல் 17

தம்பிக்கு,

உடம்பு தேறியிருக்கிறது என்று நினைக்கிறேன். கேட்டு எழுதவில்லை, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நான் உனக்கு வெள்ளைத் தூசி என்றுதான் எழுதினேன். குவாரி என்று எழுதவில்லை. பாலத்தையோ மேட்டையோ பற்றி எனக்கே தெரியாது. பஸ்ஸில் இரண்டு நாள் போகிற தூரத்தில் இருப்பவனுக்கு, என் புருஷன் போகிற பாதையில் எந்தப் பக்கம் கல் கிடக்கிறது என்று எப்படித் தெரியும்? கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கடைக்குப் போய் நீ சொன்ன அளவில் ஒரு பழைய வண்டி வாங்கினேன். நேற்று, புதன்கிழமை, லீவு போட்டேன். குவாரிக்குப் பாதை எங்கே பிரிகிறது என்று கண்டக்டரைக் கேட்டு அங்கே இறங்கினேன்.

பஸ்ஸில் முப்பத்தொரு கிலோமீட்டர், மண் பாதையில் ஒன்பதரை. போக வர எண்பத்தொன்று. பாலத்தில் இறங்கித் தள்ளினேன். கடைசி மேட்டில் வலது ஓரமாக ஏறியும் இரண்டு இடத்தில் நின்றேன். மேலே கம்பி வேலி, இரும்புக் கேட், பக்கத்தில் போர்டு. போர்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோர் இல்லம். செல்போனுக்கு அனுமதியில்லை. பார்வையாளர் ஞாயிறு மட்டும்.

உள்ளே குழாயடியில் நாலைந்து பேர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நீ இளைத்திருக்கிறாய். முடி முன்னால் கொட்டியிருக்கிறது. ஒரு பெரிய அண்டாவை நீயும் இன்னொருவரும் தூக்கிக் கவிழ்த்தீர்கள். பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, நீ சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டேன், வரவில்லை.

காவல்காரர் வந்து, "யாரைப் பார்க்கணும்மா?" என்றார்.

"வழி தவறிட்டேன்" என்றேன்.

"இங்க வர்றவங்க மொதல்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சாயந்தரம் உன் அத்தான் வந்ததும் என் சைக்கிளின் டயரைப் பார்த்தார். அந்த வெள்ளைத் தூசி. துணியை நனைத்து வந்து, இரண்டு டயரையும் பொறுமையாகத் துடைத்தார். நானும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்துவிட்டு, "பாலத்துல இறங்கித் தள்ளினியா?" என்றார். தள்ளினேன் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. வாசற்படி மிதிக்காதே என்றவளிடம் எந்த வாயால் சொல்வாய்? அது எனக்குத் தெரிகிறது. தெரியாதது ஒன்றே ஒன்று. மார்ச் இரண்டாம் தேதி என்ன நடந்தது? அதை மட்டும் எழுது. இந்தத் தடவை சைக்கிளைப் பற்றி ஒரு வரி வேண்டாம்.

அக்கா

&nbsp;

மே 3

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நீயும் அத்தானும் நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

கம்பெனி என்று எதுவும் இல்லை. போன அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தேன். நவம்பரில் நான் வேலை பார்த்த சைக்கிள் கடைக்காரர் வெளியே அனுப்பிவிட்டார். பஸ் நிலையத்தில் கிடந்தவனை அத்தான்தான் பார்த்து, இங்கே கொண்டுவந்து சேர்த்தார். உன்னிடம் சொன்னால் செத்துவிடுவேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு வேறு வழி விடவில்லை. ஸ்கூட்டரை எடுத்தால் நீ எங்கே என்று கேட்பாய். அதனால் உடற்பயிற்சி என்று சொல்லி என் ரோடு பைக்கில் கிளம்பினார். முதல் ஞாயிறு அந்தப் பாதையில் மூன்று பஞ்சர். உள்ளங்கை இரண்டும் சிராய்த்து, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கிராவல் பைக் வாங்கச் சொன்னது நான்தான். அந்தச் சாமான் பட்டியல் முழுக்க நான் எழுதிக் கொடுத்தது. காலுறையும் எனக்குத்தான்.

மார்ச் இரண்டாம் தேதி காலையில் வேலி தாண்டினேன். ஒன்பதரை கிலோமீட்டர் நடந்து ஹைவேக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் திருட்டுத்தனமாக மது விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அத்தான் அந்த வழியாகத்தானே வருவார், பார்த்துவிட்டார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "போலாம்" என்றார். நான் அவரைக் கன்னத்தில் அடித்தேன். கீழே விழுந்தார், முழங்கை தரையில் தேய்ந்தது. எழுந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார். "போலாம்" என்றார்.

ஒரு கையில் சைக்கிள், இன்னொரு பக்கத் தோளில் நான். ஒன்பதரை கிலோமீட்டர் வெயிலில் நடத்தியே கூட்டிவந்தார். இரண்டு முறை அவர் மேலேயே வாந்தி எடுத்தேன். பாலத்தில் உட்கார்ந்துவிட்டேன், வரமாட்டேன் என்றேன். அப்போதுதான் வழியில் முதல் தடவையாகப் பேசினார். "உங்க அக்காகிட்ட நான் மூணு மாசமாப் பொய் சொல்லிட்டிருக்கேன். எனக்கு அது பழக்கமில்லை. அதை வீணாக்கிடாதே."

எழுந்து நடந்தேன். இன்றோடு அறுபத்திரண்டு நாள்.

அன்று நீ கேட்டுக்கு வந்ததைக் காவல்காரர் சாயந்தரம் சொன்னார். சைக்கிளில் ஒரு அம்மா வந்தார், தண்ணீர் குடித்தார், அழவில்லை என்றார். நீதான் என்று தெரிந்துவிட்டது.

ஜூன் முதல் வாரம் போகலாம் என்று டாக்டர் சொல்கிறார். எங்கே போவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. உன்னிடம் எதையும் கேட்டு இதை எழுதவில்லை.

தம்பி

&nbsp;

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இருவரும் சுகம். முழங்கால்கூடச் சுகம், நீ சொன்ன சீட் உயரம் சரியாக இருக்கிறது.

உன் கடிதத்தை ஆபீஸில் விண்ணப்பம் படிக்கிற மாதிரி மூன்று தடவை படித்தேன். ஓர் இடம் இடிக்கிறது. ஒரு தடவை அடித்தேன் என்று எழுதியிருக்கிறாய். அத்தானுக்கு விலாவிலும் காயம் இருந்தது. அவரைக் கேட்டேன். ஹேண்டில்பார் குத்தியது என்கிறார். நீங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசிவைத்திருக்கிறீர்களா என்பது எனக்குத் தெரியாது. நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்ன அந்த வார்த்தையை இத்தனை நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி, தம்பி அந்தக் கம்பெனியில் எப்படி இருக்கிறான் என்றாள். கம்பெனியில் இல்லை, குடியை விட ஓர் இல்லத்தில் சேர்ந்திருக்கிறான் என்றேன். அவள் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மத்தியானம் முழுக்க ஒரு விண்ணப்பமும் நகரவில்லை.

பின்அறையில் இருந்த பீரோவை அத்தான் கூடத்துக்கு நகர்த்திவிட்டார். ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது.

உன்னை நம்புகிறேன் என்று எழுதிவிடலாம்தான். பேனா வரவில்லை. அறுபத்திரண்டு நாள் என்கிறாய், நான் அதையும் டாக்டரிடம் விசாரிப்பேன். நீ வந்த பிறகும் உன் சட்டையை மோந்து பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே. நம்பிக்கை அது வரும்போது வரட்டும். நான் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன்.

அக்கா